தெற்றுப்பல்லும் கார்னெட்டும்

1934 பிப்ரவரி 23, வெள்ளி

வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஆற்றில் முட்டளவு தண்ணீர்கூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார்னெட்டைப் பிரித்துப் பித்தளைக் குழலெல்லாம் கழுவினேன். வால்வு மூன்றுக்கும் எண்ணெய். இரண்டாவது வால்வு இன்னும் ஒட்டுகிறது. துணி சுற்றிய குச்சியால் தேய்த்தும் பிரயோஜனம் இல்லை.

நாளைய வேலை: நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டு. நீலச் சேலைக்கு இஸ்திரி. தலைக்குளி. மாப்பிள்ளை வீட்டார் வரவு. இதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

பெயர் சாமுவேல். தக்கலைக்காரர். நாகர்கோவில் அஞ்சல் ஆபீசில் குமாஸ்தா. தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். இவ்வளவுதான் தெரியும்.

பிப்ரவரி 24, சனி

வந்தார்கள், போனார்கள். அச்சுமுறுக்கு தீர்ந்தது.

தாயார் கனத்த உடம்பு, கூர்மையான கண். நான் காப்பி கொண்டு வைத்ததிலிருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி பாதி குடித்தபின் அம்மாவிடம் சொன்னார்:

"பிள்ளை கொள்ளாம், நல்லா இருக்கு. வேலையும் கொள்ளாம். அந்த முன்பல்லு ஒண்ணுதான் ஏறி நிக்குது. அத எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சிட்டா ஒரு கொறயும் இல்ல."

அம்மா உடனே, "அதுக்கென்ன, எடுத்திருவோம்" என்றாள். முருங்கைக்காய் பறிக்கச் சொன்னதுபோல.

மாப்பிள்ளை பேசவே இல்லை. என்னைவிடச் சுவரில் தொங்கிய கார்னெட்டைத்தான் அதிகம் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி. "இது ஆரு ஊதுகது?"

"எஸ்தருதான். எங்க சபை பேண்டுல முதல் கார்னெட்டு" என்றார் அப்பா.

தாயாரின் முகம் மாறியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. தெற்றுப்பல் முழுசும் தெரிய நன்றாகவே சிரித்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை ஆராதனை. மூன்று பாட்டு. இன்று ஊதும்போது வாயைக் கவனித்தேன். இத்தனை வருடத்தில் கவனித்ததே இல்லை. உதட்டில் வைக்கும் மவுத்பீஸ் வளையம் மேலே எங்கே உட்காருகிறது? நேராக அந்தப் பல் மேல். இடது முன்பல். மற்றப் பல்லெல்லாம் கொஞ்சம் பின்னால் நிற்பதால் உதட்டுக்கு அசைய இடம் கிடைக்கிறது. மேல் சுரங்களுக்குப் போகும்போது அந்தப் பல் ஒன்றுதான் பிடிமானம்.

அதைப் பிடுங்கினால்?

விடை வீட்டிலேயே இருக்கிறது. எனக்கு முன் முதல் கார்னெட் அப்பாதான். மேல்வரிசை முன்பற்கள் ஆடி விழுந்தன. பிறகு ஊதினால் காற்றுதான் வந்தது. பெரிய டிரம்முக்குப் போய்விட்டார். வீட்டில் வேறு பிள்ளை இல்லாததால் கார்னெட் என் கைக்கு வந்தது. நான் முதல்முதல் பவனியில் ஊதிக்கொண்டு போனபோது பெண்பிள்ளை ஊதுவதா என்று சபை மூப்பர்கள் வந்து அப்பாவிடம் முறையிட்டார்களாம். "ஊதத் தெரிஞ்ச வேற ஆளக் கொண்டாங்கோ, இவள வீட்டுல இருத்துகேன்" என்றாராம் அப்பா. ஒருவரும் கொண்டுவரவில்லை.

இன்று அப்பாவிடம் பல்லைப் பற்றிக் கேட்டேன். "ஒன் வாயி. நான் என்ன சொல்லுகதுக்கு?" டிரம்மின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 3, சனி

அம்மாவோடு நாகர்கோவில். பஸ்ஸில் நல்ல நெரிசல். வில்லுக்குறியில் ஓர் எருமை வழிவிடவில்லை, டிரைவர் இறங்கிப்போய்க் கெஞ்சினார்.

பல் டாக்டர் பெயர் நேசையன். சின்ன வயசு, கல்கத்தாவில் படித்தவர். ஜன்னல் பக்கம் சாயும் நாற்காலி. மேசையில் கண்ணாடிக் குப்பியில் பிடுங்கின பற்கள். அம்மா அதைப் பார்த்ததும் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "லேசான வேலை. எடுத்துட்டு, புண்ணு ஆறினதும் பிளேட்டு வச்சு ஒரு பல்லு கட்டிரலாம். ஆருக்கும் தெரியாது."

"அதுக்குப் பிறகு கார்னெட் ஊதலாமா?"

"ஆருக்கு?"

"எனக்கு."

கண்ணாடியைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இத ஆரும் எங்கிட்ட இதுவரை கேட்டதில்ல, டீச்சர். எனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை அதையும் எடுத்துட்டு வாங்க. ஊதச் சொல்லிப் பாத்துட்டுச் சொல்லுகேன்."

தெரியாது என்று சொல்லும் டாக்டரை இன்றுதான் பார்த்தேன். பிடித்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குழித்துறை வரும்வரை புலம்பல். "பல்லு எடுக்கப் போன எடத்துல கச்சேரி வைக்கப் போறாளாம்."

மார்ச் 7, புதன்

பானைத் தண்ணீர் குடித்தேன். மேலே இடதுபக்கம் சுரீர். தெற்றுப்பல் இல்லை, அதற்கு அடுத்தது. கிராம்பு கடித்துக்கொண்டு மூன்றாம் பீரியட் நடத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா இரண்டையும் எடுக்கச் சொல்வாள்.

இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் வருகிறாராம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

மார்ச் 10, சனி

நிறைய எழுத வேண்டும். விளக்கில் எண்ணெய் இருக்கும் மட்டும்.

இந்த முறை துணைக்கு அப்பா. கார்னெட் பெட்டி என் மடியில். டாக்டர் முதலில் சும்மா ஊதச் சொன்னார். ஒரு கீர்த்தனை ஊதினேன். அவர் என் பக்கத்தில் குனிந்து உதட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பிளேட் செய்ய வைத்திருக்கும் மெழுகை வெந்நீரில் இளக்கி, தெற்றுப்பல்லுக்கு இரண்டு பக்கமும் மற்றப் பற்கள்மேல் ஒட்டி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கினார்.

"இப்பம் தெற்றுப்பல்லு இல்லண்ணு வச்சுக்கிடுங்கோ. ஊதுங்கோ."

ஊதினேன். கன்றுக்குட்டி கத்தியது. மறுபடி ஊதினேன். கீழ்ச்சுரம் ஏதோ வந்தது. மேலே போனால் வெறும் காற்று. அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்.

மெழுகை எடுத்ததும் என்ன நினைத்தேனோ, ஈஸ்டர் பாட்டை முழு மூச்சில் ஊதினேன், மேல் சுரம்வரை. ஜன்னல் திறந்து கிடந்தது. முடித்துவிட்டுத் திரும்பினால் ரோட்டில் கூட்டம். வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். விரலெல்லாம் முத்திரை அரக்கு. சாமுவேல்! அவர் ஆபீஸ் இரண்டு கட்டடம் தள்ளித்தானாம்.

"டீச்சரா?" என்றார்.

"நான்தான்" என்றேன். வாயோரம் மெழுகு ஒட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, சின்னக் கண்ணாடியின் காம்பால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். தெற்றுப்பல் கல் மாதிரி. அடுத்ததைத் தட்டியதும் நான் நாற்காலியில் துள்ளிவிட்டேன். பார்த்தார். முன்னால் வெள்ளை, பின்னால் கறுத்துக் குழி.

"எடுக்கச் சொன்ன பல்லுக்கு ஒரு கேடும் இல்ல. அழகா நிக்குதே, இதுதான் சொத்தை" என்றார்.

இதையும் எடுக்கக் கூடாதாம். எடுத்தால் அந்த இடைவெளியில் தெற்றுப்பல் சாய்ந்துவிடும். குடைந்து, சுத்தம் செய்து, வேரில் மருந்து வைத்து அடைக்க வேண்டும். நாலைந்து தடவை வர வேண்டும். இடையில் ஊதக் கூடாது.

"ஏப்ரல் ஒண்ணு ஈஸ்டர். அதுக்குள்ள?"

"வலி முந்தாம இருந்தா பாக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை ஆரம்பம் என்று முடிவு.

வெளியே வந்ததும் சாமுவேல் எங்கள் கூடவே நடந்தார். பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவைப் பார்த்துச் சொன்னார், ஆனால் எனக்காகத்தான்.

"ஒரு காரியம் சொல்லணும். அம்மைக்குப் பல்லு ஒரு பிரச்சினையே இல்ல. முன்பல்ல எடுத்தா ஊத்து நிக்கும்ணு ஆரோ சொல்லிருக்காவ. ஊதக்கூடாதுண்ணு நேரா சொன்னா மரியாத இல்லண்ணு பல்லச் சொன்னாவ."

நான் கேட்டேன்: "நீங்க அப்பம் என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"இப்பம்?"

விரலில் ஒட்டியிருந்த அரக்கை நகத்தால் சுரண்டினார். "ஆரு ஊதுகாண்ணு தெரியாமத்தான் ஓடி வந்தேன் டீச்சர். முத்திர குத்துன கட்ட அப்படியே போட்டுட்டு. இனியும் நான் பேசாம இருந்தா செரியாவாது."

"அப்படிண்ணா இதயும் சேத்துச் சொல்லிருங்கோ. பல்லும் போகாது, கார்னெட்டும் போகாது."

பஸ் வந்துவிட்டது. அப்பா தக்கலை தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பயலுக்குக் காது இருக்கு" என்றார்.

மார்ச் 11, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லியாயிற்று. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம். "ஒரு பல்லுக்காவ ஒரு நல்ல எடத்த விடுகியாட்டி?"

பல்லுக்காக இல்லை என்றேன். புரிய வைக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: கேட்க வேண்டியதை நேராகக் கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். என் வாய்க்குள் கைவிட்டுக் கேட்டது தப்பு.

மார்ச் 13, செவ்வாய்

வலி முந்திவிட்டது. விடிந்தபோது மேலுதடு வீங்கி மூக்கோடு சேர்ந்து கிடந்தது. இடது கண் பாதிதான் திறக்கிறது. இருந்தாலும் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பே அமைதி. முதல் பெஞ்சுப் பெண் மட்டும், "டீச்சரே, குளவி கொத்திச்சா?"

மதியத்தோடு திரும்பிவிட்டேன். கஞ்சி. அதுவும் வலதுபக்கமாக.

மார்ச் 14, புதன்

முதல் பஸ். அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும். பஸ் குலுங்கும்போதெல்லாம் உயிர் போய்வந்தது.

டாக்டர் பார்த்ததும் வேறு பேச்சே இல்லை. தையல் மிஷின்போலக் காலால் மிதித்துச் சுற்றும் ஊசி. அவர் மிதிக்க, ஊசி சுற்ற, மண்டைக்குள் வண்டி ஓடியது. அம்மா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டயும் எடுத்திருங்கோ டாக்டரே. பிள்ளைக்கு வேதன போனா மதி, அது போதும்."

டாக்டர் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"அவங்க வாயி, அம்மா. அவங்க வேண்டாங்காங்க." மறுபடி மிதித்தார்.

திடீரென்று ஏதோ உடைந்தது. சீழ். அந்த நாற்றம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் வலி, தண்ணீர் வடிந்ததுபோல வடிந்துபோனது. இரண்டு நாளுக்குப் பிறகு நான் முழுசாக மூச்சு விட்டேன்.

மருந்துப் பஞ்சு வைத்து அனுப்பினார். ஒரு வாரத்துக்கு ஊதவே கூடாது. பிறகும் மெல்ல.

திரும்பும்போது அம்மா என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பல்லைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் 19, திங்கள்

வீக்கம் வற்றிவிட்டது. சனிக்கிழமை பஞ்சு மாற்றியாயிற்று. சாமுவேலைக் காணவில்லை. நான் பார்க்கவும் இல்லை. (பார்த்தேன்.)

பேண்டு பழக்கம் நடக்கிறது, நான் இல்லாமல். இரண்டாம் கார்னெட் தங்கையன் என் இடத்தில். சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்பவர், பெரிய மீசை, நல்ல மனுஷன். ஆனால் மேலே ஏறினால் சுரம் சறுக்கும். வீட்டிலிருந்தே கேட்கிறது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பல்லைக் கடித்தேன். கடிக்கக் கூடாது என்று உத்தரவு.

இன்று மட்டும் ஒரு பயம். மறுபடி வைத்துப் பார்க்கும்போது ஒன்றும் வராவிட்டால்? எழுதினால் போய்விடும் என்று எழுதுகிறேன். போகவில்லை. தூங்கினால் போகும்.

மார்ச் 22, வியாழன்

வைத்துப் பார்த்தேன். பழைய இடத்தில் வைத்ததும் மருந்து வைத்த பல் விண்ணென்றது. எடுத்துவிட்டேன்.

அப்பா தொழுவத்திலிருந்து வந்தார். "கொஞ்சம் வலத்த தள்ளி வை மக்களே. வலது பல்லும் தெத்துப்பல்லும் பாரத்த எடுக்கட்டு. நோவுள்ளதுமேல படாண்டாம்."

தள்ளி வைத்தேன். நடுச்சுரம் வந்தது. மெலிசு, ஆனால் சுத்தம்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல்லு போன பின்னயும் ஆறேழு மாசம் ஊதிப் பாத்தேன். ஒனக்குத் தெரியாது. அந்தத் தொழுவத்துல போய் நிண்ணு. வலத்த, எடத்த, மேல, கீழ, எல்லா எடத்துலயும் வச்சுப் பாத்தாச்சு. எனக்குப் பல்லு ஒண்ணும் மிச்சம் இல்லாம இருந்துது. ஒனக்கு இருக்கு."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் நீண்ட சுரங்கள் ஊதினேன், மெதுவாக, அவருக்குக் கேட்கும்படி.

மார்ச் 25, குருத்தோலை ஞாயிறு

லேசான மேகம். பவனியில் கையில் ஓலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். கை சும்மா இருப்பது புதுசு. பெண்கள் வரிசையில் ஒரு குரல்: "எஸ்தரு ஊதாம பவனி சப்புண்ணு இருக்கு." முதல் பவனியன்று முறையிட்ட மூப்பர் ஒருவரின் மனைவிதான்!

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சைக்கிளோடு சாமுவேல். தக்கலையிலிருந்து மிதித்து வந்திருக்கிறார், சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"அம்மைட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"நாலு நாளு எங்கிட்ட மிண்டல்ல, ஒரு பேச்சு இல்ல. நேத்து ராத்திரிச் சோறு போடும்ப சொன்னாவ, ஈஸ்டருக்கு வாறேன், எங் காதால கேட்டுட்டுச் சொல்லுகேண்ணு."

"பிடிக்கல்லண்ணு சொன்னா?"

"அவிய பிடிக்கல்லண்ணுதான் சொல்லுவாவ. கல்யாணம் எனக்குல்லா?"

அப்போதுதான் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. மோர் கொண்டுவந்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

நன்றாகவே இருக்கிறார். குறித்துவைக்கிறேன்.

மார்ச் 31, சனி

டாக்டர் வேரை அடைத்துவிட்டார். மேலே வெள்ளைப் பூச்சு. "நாளைக்கு நல்லா ஊதுங்கோ. பூச்சு உதுந்தா திங்கக்கிழமை வாங்க, திட்ட மாட்டேன்."

மேல் சுரம் சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை. பல்லால் இல்லை, உதடு இளைத்திருக்கிறது. திட்டம்: முதல் சரணம் நான். நடுச் சரணங்கள் தங்கையன். கடைசிச் சரணத்துக்கு உதட்டை மிச்சம்பிடிக்கிறேன். தங்கையனிடம் சொன்னேன், மீசையைத் தடவிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

சாமுவேலின் தாயாருக்காக ஊதவில்லை. இதை எழுதிவைக்கிறேன். ஊதும்போது அவர் பக்கம் பார்க்கப்போவதும் இல்லை.

ஏப்ரல் 1, ஈஸ்டர்

ஆற்றங்கரையிலிருந்து பவனி புறப்படும்போது கிழக்கே வெளுத்திருந்தது. உலோகம் சில்லென்றிருந்தது. பல் சும்மா இருந்தது. அப்பாவின் டிரம், ஒரு அடி, இரண்டு அடி. முதல் சரணம் வந்தது, தளும்பாமல். நடுவில் கார்னெட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தங்கையன் ஒரே ஒரு இடத்தில் சறுக்கினார்.

கோயில் நடை ஏறும்போது கடைசிச் சரணம். வளையத்தை வலப்பக்கம் தள்ளி வைத்தேன். தெற்றுப்பல் பிடித்துக்கொண்டது. மேலே போனேன். வந்தது. நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அப்பா ஒரு அடி அதிகம் அடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் தப்பாக அடித்து நான் கேட்டதில்லை.

வாயில் கொஞ்சம் ரத்த ருசி. பூச்சு உதிரவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டில் ஆப்பம். சாமுவேலின் தாயார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் எதிரே நின்றார். இந்த முறை கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஒன் ஊத்து நல்லா இருக்கு. எனக்குப் பிடிக்கல்ல. ஆனா நல்லா இருக்கு."

"செரி, அம்மா" என்றேன். எனக்கு அது போதும். என் அம்மாதான் அடுப்பங்கரைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 3, செவ்வாய்

நேற்று சாயங்காலம் கோடைமழை. மாங்காய் கொஞ்சம் உதிர்ந்தது. அம்மா ஊறுகாய்க்கு நறுக்குகிறாள், கூடவே கல்யாணச் சமையல் கணக்கு. மே மாதம் என்று பேசியாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஊதுவதில் தடை இல்லை. தாயாருக்கு ஒரே நிபந்தனை: "கல்யாணத்தண்ணைக்கு மட்டும் ஊதாண்டாம். மணவாட்டி தனக்குத்தானே ஊதிட்டு வந்தா ஊரு சிரிக்கும்." இதை நேராகச் சொன்னார். நேராகவே ஒத்துக்கொண்டேன்.

ஆக, அன்றைக்கு முதல் கார்னெட் தங்கையன். மேல் சுரத்தில் சறுக்கினால் என் கல்யாணத்தில் நானே நடு ஆலயத்தில் முகம் சுளிப்பேன். மாலையில் வரச் சொல்லியிருந்தேன். கார்னெட்டைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"முதல்ல வாயத் திறங்கோ" என்றேன்.

"என்னத்துக்கு டீச்சரே?"

"திறங்கோ அண்ணாச்சி."

திறந்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேல்வரிசை, வலது முன்பல், பின்னால் கறுப்பு. டாக்டர் செய்ததுபோல ஒரு கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினேன். அவ்வளவு பெரிய மனுஷன் துள்ளி வாசலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை, முதல் பஸ், நாகர்கோவில். நானும் போகிறேன், அவர் பாதி வழியில் இறங்கி ஓடாமல் பார்த்துக்கொள்ள.